அம்மா போடும் மார்க்கும் பிள்ளை போடும் மார்க்கும்

இந்த மாதப் பாடம்: பிள்ளைகளின் மனப்பதற்றத்தை அறிவது எப்படி?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி, வங்கி இணைப்பு என்று எத்தனையோ பேசுகிறோம். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வரும். "என் பொண்ணு பள்ளிக்கூடம்னாலே வயித்து வலிங்கறா." "பையன் ராத்திரி தனியா படுக்க மாட்டேங்கறான்." "பரீட்சை வந்தா காய்ச்சல் வந்துடுது." இப்படிப் பேசிக்கொண்டே எழுந்து போய்விடுகிறோம். இந்த மாதம் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இப்படிப்பட்ட பிள்ளையை நாம் என்ன சொல்கிறோம்? "நடிக்கிறா", "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு", "எதையோ பார்த்துப் பயந்திருக்கு" என்கிறோம். மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்கிறோம். எதுவும் சரிவராவிட்டால் ஒரு நாள், "சரி, நின்னுக்கோ" என்று பெண் பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இருந்தது மனப்பதற்றமாக இருக்கலாம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் அதைக் குணப்படுத்த முடியும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒரு பிள்ளையின் படிப்பே போய்விடும்.

பயம் வேறு, மனப்பதற்றம் வேறு

பயம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. கைக்குழந்தை அம்மாவை விட்டுப் பிரிந்தால் அழும். நாலைந்து வயதில் இருட்டுக்கும் பேய்க்கும் பயப்படும். பள்ளிக்கூடம் போகும் வயதில் பரீட்சைக்குப் பயம். வயதுக்கு வரும் பருவத்தில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இவை வளர வளர வந்து போகிறவை. பயம் நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. பாம்பைப் பார்த்துப் பயந்தால்தானே விலகி ஓடுவோம்?

ஆனால் பயம் அளவுக்கு மீறி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்து, பிள்ளையின் படிப்பு, தூக்கம், சாப்பாடு, விளையாட்டு இவற்றைக் கெடுக்க ஆரம்பித்தால் அதைத்தான் மனப்பதற்றம் என்கிறோம். நாம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம்:

1. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இருப்பதைவிட இவனுக்கு, இவளுக்குப் பயம் அதிகமாக இருக்கிறதா?
2. பல வாரங்களாக நீடிக்கிறதா?
3. அன்றாட வேலை எதையாவது நிறுத்திவிட்டதா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் அதை அசட்டை செய்யக் கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100க்குச் சுமார் 7 பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பது தெரியவந்தது. அப்படியானால் 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளையும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

உடம்பு பேசும் பாஷை

பிள்ளைகளுக்கு "எனக்கு மனசு பதறுது" என்று சொல்லத் தெரியாது. உடம்புதான் சொல்லும். பதற்றம் வந்தால் ஆபத்து வந்ததுபோல உடம்பு தயாராகிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாக வாங்கும், கை வேர்க்கும், வயிறு பிசையும், தலை வலிக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். இது நடிப்பு இல்லை. வலி நிஜமாகவே வலிக்கிறது. திங்கட்கிழமை காலையில் வரும் வயிற்று வலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்றால், "பார்த்தியா, பொய் சொல்றா" என்று நினைக்கிறோம். அப்படி நினைப்பது தவறு. பயப்படும் காரியம் திங்கட்கிழமைதான் வருகிறது, அதனால் வலியும் அன்றைக்கு வருகிறது.

அதே சமயம் எல்லா வயிற்று வலியும் மனசால் வருவதில்லை. பூச்சி, ரத்தசோகை, நீர்க்கடுப்பு, ஆஸ்துமா, தைராய்டு என்று உடம்புக் காரணங்களும் உண்டு. எனவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.

மார்க் போட்டு அறியும் முறை

நம் குழுவைத் தரம் பிரிக்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, கடன் திரும்புகிறதா, கணக்கு எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மார்க் போடுகிறார்கள். பொத்தாம்பொதுவாக "நல்ல குழு" என்று சொல்லாமல், எது பலம், எது பலவீனம் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

பிள்ளைகளின் பதற்றத்தை அறியவும் இதே மாதிரி கேள்வித் தாள்கள் உண்டு. உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் ஒரு தாளின் பெயர் "ஸ்கேர்டு". அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் போரிஸ் பிர்மாஹர் என்ற மனநல மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1997ல் வெளியிட்டார்கள். 1999ல் அதை 41 கேள்விகள் கொண்டதாகத் திருத்தினார்கள். 8 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். கடந்த மூன்று மாதத்தை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்தான்:

- இல்லை, அல்லது எப்போதாவதுதான்: 0 மார்க்
- சில சமயம், ஓரளவு: 1 மார்க்
- ஆமாம், அடிக்கடி: 2 மார்க்

இதில் மார்க் கூடினால் நல்லதல்ல, பதற்றம் கூடுதல் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் 2 போட்டால் 82 வரும். மொத்தம் 25 அல்லது அதற்கு மேல் வந்தால், பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்டிப் பார்ப்பது நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

41 கேள்வியும் ஐந்து பகுதியாகப் பிரிகிறது. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை மார்க் வந்தால் கவனிக்க வேண்டும் என்பதும் உண்டு:

- உடம்புப் படபடப்பு, திடீர் பயம்: 13 கேள்வி, 7 மார்க்
- எதற்கெடுத்தாலும் கவலை: 9 கேள்வி, 9 மார்க்
- அம்மா அப்பாவைப் பிரியப் பயம்: 8 கேள்வி, 5 மார்க்
- புது ஆட்களிடம் கூச்சம், பயம்: 7 கேள்வி, 8 மார்க்
- பள்ளிக்கூடத்துக்குப் பயம்: 4 கேள்வி, 3 மார்க்

இதேபோல ஆஸ்திரேலியாவின் சூசன் ஸ்பென்ஸ் என்ற உளவியலாளர் 1998ல் வெளியிட்ட இன்னொரு தாளும் இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்கு 44 கேள்வி. அதில் 6 கேள்விகளுக்கு மார்க் கிடையாது. பயம், பயம் என்றே கேட்டால் பிள்ளை சோர்ந்துவிடும் என்று நடுவில் நல்லதைப் பற்றியும் கேட்கிறார்கள். பெற்றோருக்கு 38 கேள்வி.

ஏன் இரண்டு பேரையும் கேட்க வேண்டும்?

இந்தத் தாள்களில் முக்கியமான விஷயம் இதுதான். ஒரே மாதிரியான தாள் இரண்டு இருக்கும். ஒன்றைப் பிள்ளை நிரப்பும். இன்னொன்றை அம்மாவோ அப்பாவோ நிரப்புவார்கள். பிள்ளையின் தாளில் "எனக்கு" என்று இருப்பது அம்மாவின் தாளில் "என் பிள்ளைக்கு" என்று இருக்கும்.

"பெத்தவளுக்குத் தெரியாததா பிள்ளைக்குத் தெரியப் போகுது?" என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. தாமஸ் ஆக்கன்பாக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1987ல் 119 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொல்வது அப்படியே ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0 என்று ஒரு கணக்கு உண்டு. அம்மாவும் அப்பாவும்போல ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கிற இருவர் சொல்வது சுமார் 0.6 அளவுக்கு ஒத்துப்போனது. ஆனால் பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் 0.22 அளவுக்குத்தான் ஒத்துப்போனது. அவ்வளவு வித்தியாசம்!

ஏன் இப்படி? நாம் பார்ப்பது வெளியே தெரிவதை. அழுவது, அடம் பிடிப்பது, முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுவது எல்லாம் நமக்குத் தெரியும். ராத்திரி கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு உள்ளுக்குள் பயப்படுவது பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் தொண்டை அடைப்பதும் நமக்குத் தெரியாது. அதேபோலப் பிள்ளைக்குத் தெரியாததும் நமக்குத் தெரியும். போன வருடத்தைவிட இந்த வருடம் பயம் கூடியிருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல முடியும். சில பிள்ளைகள் வெட்கப்பட்டு, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிடும். சில சமயம் நாமே கவலையில் இருந்தால் பிள்ளைக்கும் கவலை என்று கூட்டிப் போட்டுவிடுவோம்.

குழுவில் பேரேடும் பாஸ்புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ தப்பு என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் பொய் சொல்லவில்லை. நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிள்ளைக்குள் இருக்கிறது, அல்லது பிள்ளைக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக நாமே ஒரு உதாரணம் சொல்கிறோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் 11 வயதுப் பெண். இந்த வருடம்தான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அம்மா போட்ட மார்க்கும் பெண் போட்ட மார்க்கும் இதோ:

- உடம்புப் படபடப்பு: அம்மா 4, பெண் 9
- எதற்கெடுத்தாலும் கவலை: அம்மா 2, பெண் 11
- பிரியப் பயம்: அம்மா 3, பெண் 3
- கூச்சம்: அம்மா 2, பெண் 6
- பள்ளிக்கூடத்துக்குப் பயம்: அம்மா 4, பெண் 4
- மொத்தம்: அம்மா 15, பெண் 33

அம்மாவின் தாளை மட்டும் பார்த்தால் 15தான். "பெரிசா ஒண்ணுமில்லை, பள்ளிக்கூடம் புதுசு, அதான்" என்று விட்டுவிடுவோம். பெண்ணின் தாள் 33, அதாவது 25ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பயத்தில் இருவரும் 4 போட்டிருக்கிறார்கள், அதனால் அது உறுதி. பெரிய வித்தியாசம் வருவது எங்கே? கவலையில். அம்மா 2, பெண் 11.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, "கண்ணு, எதை நினைச்சுக் கவலைப்படுறே?" என்பதுதான். பொறுமையாகக் கேட்டால் என்ன வரும்? கடன் வசூலிக்க வந்தவர் வாசலில் சத்தம் போட்டதை அவள் கேட்டிருக்கிறாள். ராத்திரி அம்மாவும் அப்பாவும் பணத்துக்காகச் சண்டை போட்டதும் தெரியும். "நான் பள்ளிக்கூடம் போன நேரத்துல அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோ" என்று பயம். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் இல்லை. வீட்டை விட்டு வரத்தான் மனசில்லை. இது உதாரணம்தான் என்றாலும், நம்மில் எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்று நமக்கே தெரியும். பிள்ளை தூங்குது என்று நினைத்துப் பேசுகிறோம். பிள்ளை தூங்குவதில்லை.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

- பிள்ளை தனியாகப் பதில் சொல்லட்டும். அம்மா, பாட்டி, அண்ணன் சுற்றி நின்றால் உண்மை வராது.
- 8 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கேள்வியைப் பெரியவர் ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டும். விளக்கலாம், பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது.
- "இதுக்கெல்லாமா பயப்படுவே?" என்று சிரிக்கக் கூடாது. ஒரு தடவை சிரித்தால் அடுத்த கேள்விக்கு 0 வந்துவிடும்.
- எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் இது முடியும். கேள்வியை வாசிக்கச் சொல்லி, இல்லை என்றால் வெறும் கை, சில சமயம் என்றால் ஒரு புளியங்கொட்டை, அடிக்கடி என்றால் இரண்டு புளியங்கொட்டை என்று வைக்கலாம். கடைசியில் எண்ணினால் மார்க் வந்துவிடும்.
- அம்மாவும் பிள்ளையும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் முடிக்க வேண்டும். பிறகு, "ஏன் அப்படிப் போட்டே?" என்று மிரட்டக் கூடாது.
- 8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தாள் நிரப்புவது கஷ்டம். அங்கே அம்மா சொல்வதும் டீச்சர் சொல்வதும்தான் துணை.

மார்க் சொல்லாதது என்ன?

தெர்மாமீட்டர் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும். மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது. இந்தத் தாளும் அப்படித்தான். மார்க் கூடியிருந்தால் "நோய்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மார்க் குறைந்திருந்தால் "ஒன்றுமில்லை" என்றும் விட்டுவிடக் கூடாது. இந்த 25 என்ற அளவு அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை வைத்துப் போட்டது. நம் ஊர்ப் பிள்ளைக்கு அது வழிகாட்டி மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் பிள்ளையை நேரில் பார்க்கும் மனநல மருத்துவரும் ஆலோசகரும்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சில பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கும். பள்ளியில் அடிக்கிறார்களா? பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா? சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களா? தெரிந்தவரே தப்பாகத் தொடுகிறாரா? அப்படி இருந்தால் பிள்ளையின் மனசை மாற்றுவது வைத்தியம் இல்லை. அந்த ஆபத்தை நிறுத்துவதுதான் வைத்தியம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லலாம். போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண். பகலோ இரவோ தமிழில் இலவசமாகப் பேசலாம். பிள்ளை "செத்துப் போகணும்" என்ற மாதிரி பேசினாலோ, உடம்பைக் காயப்படுத்திக்கொண்டாலோ தாள், மார்க் என்று காத்திருக்கக் கூடாது. தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களே, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்ற பயம் நமக்கு வரும். பதற்றம் பைத்தியம் இல்லை. பெரும்பாலும் பேச்சின் மூலமும் பயிற்சியின் மூலமும்தான் முதலில் வைத்தியம் செய்கிறார்கள். தேவைப்பட்டால்தான் மாத்திரை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

பயந்த காரியத்தை விட்டு ஒதுங்கினால் அந்த நேரத்துக்கு நிம்மதி வரும், ஆனால் பயம் வளரும். ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் போவது இன்னும் கஷ்டம். அடித்து இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினாலும் பயம் போகாது. படிப்படியாகப் பழக்க வேண்டும். முதல் நாள் பள்ளி வாசல் வரை அம்மா கூடவே போகலாம். பிறகு தெருமுனை வரை. பிறகு தோழியோடு அனுப்பலாம். டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஒவ்வொரு படிக்கும், "பயமா இருந்தும் போயிட்டு வந்தியே" என்று ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். படபடப்பு வரும்போது மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக் கொடுக்கலாம். ராத்திரி கடன் பேச்சைப் பிள்ளை காதில் விழாமல் பேசலாம். "இது பெரியவங்க பிரச்சினை, நாங்க பார்த்துக்குவோம்" என்று அவளிடம் தெளிவாகச் சொல்லலாம்.

குழுக் கூட்டத்தில் செய்ய

1. ஊக்குநர் இந்தப் பாடத்தை உரக்க வாசிக்கட்டும். நிறுத்தி நிறுத்திப் பேசுவோம்.
2. நம் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று ஒவ்வொருவரும் மனதில் மூன்று நினைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கேட்போம். எத்தனை ஒத்துப்போனது என்று அடுத்த கூட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் சொல்வோம். பிள்ளை சொன்னதைச் சபையில் சொல்ல வேண்டாம். அது பிள்ளையின் ரகசியம்.
3. நம் ஊரில் அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளைகள் யார் என்று டீச்சரிடம் கேட்டு, அந்த வீடுகளுக்கு இரண்டு பேராகப் போய்ப் பேசுவோம்.
4. 1098, 14416 இரண்டு எண்களையும் குழுவின் தீர்மான நோட்டு அட்டையில் எழுதி வைப்போம்.

நம் குழுவில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் முதலில் கேட்கிறோம், பிறகுதான் கடனா, உதவியா என்று முடிவு செய்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம். முதலில் கேட்போம்.